ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொள்ளலாமா?

சித்தி மகளிடமிருந்து புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அவள் அனுப்பும் பதிவுகளில் வழக்கமாக ஒரு கூட்டமே இருக்கும். மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸின் கண்டக்டர் கத்துவார். அலுவலக மேலாளர் இருமிக்கொண்டே திட்டுவார். எதிர்வீட்டுப் பாட்டி நடுவில் புகுந்து குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பார். எல்லாரும் அவளே. அன்றைய பதிவில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிறு மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிறார்கள். பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. வீட்டுக்குத் தெரிந்தே இரண்டு முறை போனில் பேசியிருக்கிறார்கள். இவளுக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது. சிக்கலே அங்கேதான். பிடிக்காத வரன் என்றால் தன் வாயைப் பற்றி அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். "ரெண்டு மணி நேரம் வாயை மூடிட்டு இரு, மத்ததெல்லாம் தாலி ஏறினப்புறம் பாத்துக்கலாம்னு அம்மா சொல்றாங்க. நான் என்னக்கா பண்ணட்டும்?"

பதில் பேச ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன். அப்புறம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

அவள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, முழுக்க அடக்கி வாசிப்பது. இன்னொன்று, முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. மூன்றாவது, அன்றைக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஆனால் பொய் சொல்லாமல், போகப்போகக் காட்டுவது. நான் நடுநிலையானவள் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முதல் வழியில் போனவள் நான்.

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். "பொம்பளை சிரிச்சா போச்சு, பொகையிலை விரிச்சா போச்சு" என்று கேட்டே வளர்ந்த தலைமுறை அது. பத்திரிகையின் மணமகள் தேவை பத்தியை எடுத்துப் பாருங்கள்: அடக்கமான, குடும்பப் பாங்கான. கல்யாண இணையதளங்களில் அதே சரக்குக்கு 'ஹோம்லி' என்று பெயர். "வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் பெண் தேவை" என்று ஒரு விளம்பரம் இதுவரை என் கண்ணில் படவில்லை. சந்தையில் எது விலைபோகும் என்று சித்திக்குத் தெரியும். அவள் சொல்லும் வழி பலிக்கும் வழிதான். அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மிர்ரா கோமரோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளைக் கேட்டு 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்களோடு வெளியே போகும்போது சில வேளை ஒன்றும் தெரியாதவள்போல் நடித்ததுண்டு என்று 40 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பெண்கள் அவர்கள். இன்னொன்று இதைவிட வேடிக்கை. 1975இல் மார்க் ஜன்னா, சூசன் பேக் என்ற இருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீங்கள் ஓர் ஆணைச் சந்திக்கப்போகிறீர்கள், அவனுக்குப் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். ஆள் விரும்பத்தக்கவனாக இருந்து, அவனுக்கு அடங்கிய பெண்ணைத்தான் பிடிக்கும் என்று தெரிந்தபோது, மாணவிகள் தங்களை அப்படியே விவரித்துக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. எழுத்துகளை மாற்றிப்போட்டுச் சொல் கண்டுபிடிக்கும் ஒரு தேர்வைக் கொடுத்தபோது மதிப்பெண்ணும் குறைந்தது. ஆள் சுமாரானவன் என்றால் இவ்வளவு மாற்றம் இல்லை.

அந்தச் சோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் நிச்சயதார்த்தக் காலம்தான் நினைவுக்கு வந்தது. நான் ஒரு நாளும் "மறைக்கப்போகிறேன்" என்று முடிவெடுக்கவில்லை. அவர் போனில் அமைதியாகப் பேசினார், நானும் அமைதியாகப் பேசினேன். "நீங்க ரொம்ப சாஃப்ட்டா பேசுறீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அதைக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு கணக்குப் போடலாம். கோயிலில் தனியாகப் பேசக் கிடைப்பது இருபது நிமிடம். அவ்வளவு நேரம் யாராலும் அடக்கி வாசிக்க முடியும். ஆனால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எனக்கு நான்கு மாதம் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போன் என்று வைத்தால் எண்பது மணி நேரம். எண்பது மணி நேரமும் மெல்லிய குரலில், யாரையும் கிண்டல் செய்யாமல், "ம்ம்" கொட்டி, கையால் வாயைப் பொத்திச் சிரித்து. போனை வைத்ததும் நேராக அம்மாவிடம் போய் அன்றைக்கு நடந்ததை எல்லாம் முழுக் குரலில் நடித்துக் காட்டுவேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரிடம் சொல்ல வேண்டிய கதைகள் அவை என்று அப்போது உறைக்கவில்லை.

அப்படி இருப்பதற்கு மனசும் ஏதோ கூலி கேட்கிறது. 2020இல் செத் மார்கோலிஸ், சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற கலிபோர்னிய ஆய்வாளர்கள் 123 மாணவர்களை ஒரு வாரம் கலகலப்பாகவும் துணிச்சலாகவும் நடந்துகொள்ளச் சொன்னார்கள், இன்னொரு வாரம் அமைதியாகவும் ஒதுங்கியும் இருக்கச் சொன்னார்கள். கலகலப்பு வாரத்தில் மனநிலை ஏறியது, ஒதுங்கல் வாரத்தில் இறங்கியது. ஒரே ஒரு வாரத்துக்கு இது. எதிரே இருப்பவரையும் இது விடுவதில்லை. 2003இல் எமிலி பட்லரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத பெண்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, மனதைக் கலங்க வைக்கும் ஒரு படத்தைப் போட்டுக் காட்டிப் பேசச் சொன்னார்கள். ஜோடியில் ஒருத்தியிடம் மட்டும், மனதில் உள்ளதை முகத்தில் காட்டிவிடாதே என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். விஷயமே தெரியாத மற்றவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, இருவருக்கும் ஒட்டவும் இல்லை. பேசுகிறவள் பூட்டிக்கொண்டிருந்தால் கேட்கிறவருக்கு எங்கோ தட்டிக்கொண்டுதான் இருக்கும்போல.

சின்ன வயதில் எல்லாரும் கேட்ட கதைதான், சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகி, காட்டுக்கே ராஜாவான நரி. அதன் நிறத்தை யாரும் கழுவவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி தூரத்தில் மற்ற நரிகள் ஊளையிட்டன. இதற்கும் தொண்டை ஊறியது, அவ்வளவுதான்.

எனக்கு அந்த ராத்திரி கல்யாணமாகி ஏழாவது வாரம் வந்தது. அவருடைய அக்காவுக்கு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியம்மா, பந்தியில் சண்டை போட்ட ஒருவரை நடித்துக் காட்டினார். நன்றாகத்தான் செய்தார், ஆனால் அந்த ஆள் இலையை மடிக்கும் விதத்தை விட்டுவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து இலையை மடித்தேன். அப்புறம் பரிமாறுகிறவர், அப்புறம் ரசம் கேட்டே ஓய்ந்துபோன தாத்தா. கூடமே சிரித்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வாசல்படியில் நின்று என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு கேட்டார்: "நீ இப்படியெல்லாம் பேசுவியா?" கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கிழக்குப் பார்த்த வீடு என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்தவன் சாவியை வாங்கிய பிறகு திசை பார்க்கிற குரல் அது. எட்டுப் பேர் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர். வீட்டுக்கு வந்தால் அமைதியாக ஒருத்தி இருப்பாள் என்பதுதான் கல்யாணத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கனவு. அந்தக் கனவுக்கு நான் எண்பது மணி நேரம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏமாற்றப்பட்டது நான் மட்டும் இல்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறோம். அதைச் சொல்லாவிட்டால் அவர் வருத்தப்படுவார். ஆனால் இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் நான் ஒரு கதையை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

முதல் வழியை எதிர்ப்பவர்கள் எல்லாரும் "உன்னை நீயே இழந்துவிடுவாய்" என்பார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. நான் எங்கும் போய்விடவில்லை, அம்மா வீட்டில் பத்திரமாக இருந்தேன். அவரை நான் பார்க்கவே இல்லை, அதுதான் இழப்பு. நான்கு மாதத்தில் அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன், சம்பளம் தெரிந்துகொண்டேன், தங்கை படிப்புக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பதுவரை தெரிந்துகொண்டேன். மனைவி நாலு பேர் நடுவில் தன்னைக் கிண்டல் செய்தால் இந்த மனிதர் என்ன செய்வார்? சிரிப்பாரா, முகம் சுருங்குவாரா, அங்கே சிரித்துவிட்டு அறைக்கு வந்து பேசாமல் இருப்பாரா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எல்லா ஆண்களும் "எனக்கு ஜாலியான பொண்ணுதான் பிடிக்கும்" என்றே சொல்வார்கள். கிண்டல் செய்து பார்த்தால்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் கையில் இருந்த ஒரே உரைகல்லையும் சேர்த்து மூடி வைத்துவிடுகிறோம்.

நம் பழைய இலக்கியக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியக் களவியல் சொல்வதை மேற்கோள் காட்டாத பட்டிமன்றம் கிடையாது. ஆனால் அதே களவில் தோழி என்று ஒருத்தி இருக்கிறாளே, அவள் வாயை யாராவது அடக்கினார்களா? தலைவன் தழையாடை கொண்டுவந்தால் இது எங்கள் ஊர்த் தழை இல்லையே என்று திருப்பி அனுப்புகிறாள். இன்றைக்கு ஆகாது, நாளைக்கு வா என்று அலைய வைக்கிறாள். கேலி செய்கிறாள். இதற்குச் சேட்படை என்று துறையே உண்டு. தலைவி தலை குனிந்து நிற்கலாம், ஏனென்றால் அவளுக்காக ஆளை உரசிப் பார்க்க ஒரு வாயாடி இருந்தாள். இன்றைய பெண் பார்க்கும் படலத்தில் தலைவியை மட்டும் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டு, தோழியை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சித்தி மகள் இரண்டு வேலையையும் தானே பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, இரண்டாவது வழி. முதல் நாளே முழுக் கச்சேரி.

இதைச் செய்த ஒரு தோழி எனக்கு உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் மாமா சோபாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து விட்ட குறட்டையை அவர் எழுந்ததும் அவருக்கே செய்து காட்டினாள். அந்த வரன் அத்தோடு போனது. அவள் இன்றுவரை அதைப் பெருமையாகத்தான் சொல்கிறாள், "பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சுல்ல?" என்று. வேகமான சல்லடை இது, மறுக்க முடியாது. பிறகு வெளுப்பதற்கு இதில் சாயமே கிடையாது.

எனக்கு இதில் இரண்டு இடிக்கிறது. பதற்றம் வந்தால் கலகலப்பான ஆட்கள் அமைதியாவதில்லை, இன்னும் சத்தமாவார்கள். இருபது நிமிடத்தில் ஒன்பது கதை சொல்லும் பெண் வீட்டில் இருக்கும் பெண் அல்ல. சித்தி மகள் வீட்டில் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள், யாராவது அழுதால் கூடவே அழுவாள். முதல் நாள் கச்சேரியில் அவளும் வர மாட்டாள், அவன் பேசவும் இடம் இருக்காது. அவள் சிரிக்க வைத்தாள் என்று அவன் நினைவில் இருக்கும், அவன் என்ன சொன்னான் என்று இவள் நினைவில் ஒன்றும் இருக்காது. மறைக்கிறவள் அவனைப் பார்ப்பதில்லை என்றேன், கொட்டுகிறவளும் பார்ப்பதில்லை.

அடுத்தது, பார்வையாளர்கள். அவன் ஒருவன் மட்டும் என்றால் பரவாயில்லை. உடன் அம்மா, அப்பா, அத்தை, அக்கா புருஷன் என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். அத்தை ஒருவர் காரில் ஏறியதுமே "பொண்ணு வாய் நீளம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். அப்படி அத்தை பேச்சைக் கேட்கிறவன் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இருபதே நிமிடம் பார்த்த ஒரு பெண்ணுக்காக அத்தையோடு சண்டை போடு என்று ஒருவனிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். மூன்று மாதம் பழகிய பெண்ணுக்காகப் போடாவிட்டால்தான் அது தகவல்.

தரகரையோ சித்தப்பாவையோ விட்டு, "எங்க பொண்ணு கொஞ்சம் கலகலப்பு" என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். பிரயோஜனம் இல்லை. இவர் கலகலப்பு என்பார், தரகர் "நல்லாப் பழகுவா" என்பார், அங்கே போய்ச் சேரும்போது "மாமியாரை நல்லா கவனிச்சுப்பா" என்று ஆகியிருக்கும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதற்கும் முதல் வழிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் பெண் கோயிலில் அமைதியாகத்தான் இருப்பாள். கோயிலில், துக்க வீட்டில், மேலாளர் அறையில் நாம் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறோம், அது நடிப்பு ஆகாது. நடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவன் கண்டிப்பாக ஒரு கேள்வி கேட்பான்: "நீங்க ரொம்ப அமைதியா?" அதற்கு "ஆமாங்க" என்றால் முதல் வழி. "இல்லைங்க, இன்னைக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, வீட்ல கேட்டுப் பாருங்க" என்றால் மூன்றாவது வழி. என்னிடம் "சாஃப்ட்டா பேசுறீங்க" என்று சொன்னபோது நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பும் "ஆமாங்க" கணக்கில்தான் சேரும்.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த குழி அது. மூன்றாவது வழி சொல்லாமல் கொள்ளாமல் முதல் வழியாக மாறிவிடும். இந்த வாரம் வேண்டாம், அவருக்கு ஆடிட் டென்ஷன். அடுத்த வாரம் வேண்டாம், அவங்க பாட்டிக்கு உடம்பு சரியில்லை. இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும். நான் மறைக்கவில்லை, தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். தேதி குறிக்காத மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது.

தேதி எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: நிச்சயத்துக்கு முன். காரணம் வெறும் செலவுக் கணக்கு. கோயிலில் பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை, "ஜாதகம் சரியா அமையலை" என்ற ஒரு வரியில் முடியும். கோயிலில் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவே அதற்காகத்தான். தற்செயலாகச் சந்தித்ததுபோல் பார்த்துவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு கலைந்துவிடலாம். வீட்டுக்கு வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுப் போன பிறகு என்றால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள், அதையும் தாங்கலாம். நிச்சயம் ஆன பிறகு மண்டப அட்வான்ஸ், பட்டு, பத்திரிகை, இரண்டு பக்கமும் மானம். தாலி ஏறின பிறகு? சித்தி சொன்ன அந்த "அப்புறம்"? இந்து திருமணச் சட்டம், 1955இன் 14ஆம் பிரிவுப்படி கல்யாணமாகி ஒரு வருடம் வரை விவாகரத்துக்கு மனுப் போடுவதே விதிவிலக்கான வழக்கில்தான் முடியும். இருவரும் சம்மதித்துப் பிரிவதற்குக்கூட ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் விவாகரத்தைப் பற்றிப் பேசவில்லை, பெரும்பாலும் யாரும் அதுவரை போவதும் இல்லை. ஒரே உண்மையைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை என்ன விலை, தை மாதம் என்ன விலை என்று ஒப்பிட்டுக் காட்டுகிறேன். சித்தி உண்மையை மிக அதிக விலை உள்ள நாளில் வாங்கச் சொல்கிறாள்.

அந்த "அப்புறம்" வேறொரு விதத்திலும் சரிப்படாது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நாம் துணையிடம் எதிர்பார்ப்பது ஒன்றல்ல. வில்லியம் ஸ்வான் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1994இல் காதலிப்பவர்களையும் மணமானவர்களையும் ஒப்பிட்டார்கள். காதலிப்பவர்கள் தங்களை உயர்வாக நினைக்கும் துணையிடம் நெருக்கமாக இருந்தார்கள். மணமானவர்களோ, தாங்கள் தங்களை எப்படி நினைக்கிறார்களோ அப்படியே தங்களைப் பார்க்கும் துணையிடம் நெருக்கமாக இருந்தார்கள். முதல் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித் தந்த விடைத்தாளே அடுத்த பரீட்சையில் தவறாகிவிடுகிறது.

நிச்சயத்துக்கு முன் என்ன நடந்திருக்க வேண்டும்? நீண்ட பேச்செல்லாம் வேண்டாம். "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தால் அவன் பயந்துவிடுவான். அடுத்த போனில் ஒரு கதை. பிறகு ஒரு முறை, அவன் இவளுடைய சொந்தக் கூட்டத்துக்கு நடுவில் இவளைப் பார்க்க வேண்டும். மாமா மகள், அத்தை மகள், அலுவலகத் தோழிகள், யாராவது. நரிகள் கூடிய இடத்தில் ஊளையிடாமல் இவளால் இருக்க முடியாது. திட்டமிட வேண்டியதில்லை, தானாக நடக்கும். அவன் பார்க்கட்டும். அவன் பார்ப்பதை இவள் பார்க்கட்டும்.

இதெல்லாம் பெண்களுக்கு மட்டும்தான் என்று எழுதிக்கொண்டு போகும்போது தம்பி நினைவுக்கு வந்தான். எங்கள் வீட்டிலேயே பெரிய கோமாளி அவன். பெண் பார்க்கப் போனபோது மாமனாருக்குப் "பொறுப்பான பையன்" வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஆறு மாதம் வீட்டுக்கடனையும் வட்டி விகிதத்தையும் பற்றி மட்டும் பேசினான். கல்யாணமான பிறகு அவன் மனைவி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், "அண்ணி, இவர் எப்பவுமே இப்படித்தானா, இல்ல எனக்காக நடிக்கிறாரா?" அவன் நடிப்பதை நிறுத்தியதை அவள் நடிப்பு என்று நினைத்திருக்கிறாள்! அவர்களுக்கு அது நல்லவிதமாக முடிந்தது, அவளுக்குச் சிரிக்கப் பிடிக்கும். சீட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

முதல் வழிதான் சரி என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாத பெண், வாயைத் திறந்தால் அடி விழும் வீடு, எதிர்ப் பேச்சுக்கே கத்துகிற ஆள். அங்கே வாயை மூடுவது யாரையும் கவர்வதற்கு அல்ல, பிழைப்பதற்கு. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுவதுதான் வழி. சித்தி வீடு அப்படிப்பட்டதல்ல. சித்தியே பெரிய வாயாடி. சித்தப்பா பெண் பார்க்க வந்த நாளில் அவளும் தலையைக் குனிந்துகொண்டுதான் காபி கொடுத்தாளாம்.

சனிக்கிழமை இரவு சித்தி மகளுக்கு எழுதினேன். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அதனால் அங்கே போய் என்னிடம் கேட்க முடியாது. மேலே எழுதியதை எல்லாம் அனுப்பவில்லை. இவ்வளவுதான் அனுப்பினேன்: "கச்சேரி வேண்டாம். அமைதியான பொண்ணானு கேட்டா இல்லைன்னு சொல்லு. பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டுல உக்காந்து பேசும்போது அந்த மாட்டுத்தாவணி கண்டக்டர் கதையை மட்டும் ஒரே தடவை சொல்லு. சிரிக்கிறானான்னு பாக்காத, அந்தக் கதைக்கு யாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் அவங்க அம்மா பக்கம் திரும்பிப் பாக்குறானான்னு பாரு."

உடனே இரண்டு நீல டிக். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கேட்டாள்:

"அவங்க அம்மா முதல்ல சிரிச்சுட்டா என்னக்கா பண்றது?"